வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு

போன சனிக்கிழமை நம்ம லாரிக்கு ஆயில் மாத்துற நாள். காரைக்குடி பட்டறையில வண்டியை விட்டு, சம்ப் நட்டைக் கழட்டியாச்சு. பழைய ஆயில் கறுப்பா, சூடா தகர டின்னுல இறங்கிக்கிட்டு இருக்கு. மேஸ்திரி கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்.

"என்ன ஆயில் வாங்கியாரச் சொல்லட்டும் தம்பி?"

அவ்வளவுதான். பட்டறையில தேர்தல் ஆரம்பிச்சுருச்சு.

மேஸ்திரி கேஸ்ட்ரால் கட்சி. நம்ம டிரைவர் சர்வோ கட்சி. "கவர்மெண்டு ஆயிலுண்ணே, இந்தியன் ஆயில்காரன் ஏமாத்த மாட்டான்" என்பது அவரோட தேர்தல் அறிக்கை. பக்கத்துல டிப்பரை நிறுத்தியிருந்தவருக்கு கல்ஃப். "லேலண்டும் கல்ஃபும் ஒரே இந்துஜா வீட்டுப் பிள்ளைகப்பு"ன்னார். ஓரமா டீ குடிச்சுக்கிட்டு இருந்த பெரியவர், யாரும் கேட்காமலே "எங்க காலத்துல வீடால்தான்" என்று சொல்லிட்டு மறுபடி டீக்குள்ள போயிட்டார். எச்.பி.க்கும் பாரத் பெட்ரோலியத்தோட மேக்குக்கும் அன்னைக்கு ஏஜெண்டு யாரும் வரல. :-)

சிரிப்பா இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் உறுத்தும். ஆயில் மாத்துற நாள் வந்தாலே அப்படித்தான். காரணத்தைக் கடைசியில சொல்றேன். இல்ல.. கடைசின்னா அப்படியே நழுவிடுவேன். நடுவுலயே சொல்லிடறேன்.

முதல்ல பிராண்டு விஷயம்.

கேஸ்ட்ரால்ங்கிற பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? விளக்கெண்ணெய்ல இருந்து! 1899-ல சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. 1909-ல அவங்க விளக்கெண்ணெய் கலந்து என்ஜினுக்கு ஒரு எண்ணெய் செஞ்சு, 'கேஸ்டர் ஆயில்'ங்கிறதைச் சுருக்கி அந்தப் பேரை வச்சாங்க. நம்ம தாத்தாமார் வைக்கோலைக் கரிச்சு விளக்கெண்ணெய்ல குழைச்சு மாட்டு வண்டி அச்சுல தடவினாங்களே வண்டி மை, கிட்டத்தட்ட அதே யோசனைதான். நம்ம ஊர்ல ஒருத்தரை 'விளக்கெண்ணெய்'னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. அங்க அதையே பேரா வச்சு உலகம் பூரா வித்துட்டாங்க.

சர்வோ 1972-ல வந்தது. எல்லா கம்பெனிக்கும் இப்படி ஒரு கதை இருக்கு. ஆனா டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா கட்சிச் சண்டை கொஞ்சம் அடங்கிடும். ஐந்துல நாலு பங்குக்குக் கிட்ட அடிப்படை எண்ணெய், அது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறப்போ கிடைக்கிறது. மீதி சேர்மானங்கள். தேய்மானத்தைக் குறைக்க ஒண்ணு, அழுக்கைக் கழுவ ஒண்ணு, புகைக்கரியைக் கட்டி தட்டாம மிதக்க விட ஒண்ணு, அமிலத்தை முறிக்க ஒண்ணு. இந்தச் சேர்மானங்கள்ல பெரும்பகுதியைச் செய்யறது உலகத்திலேயே நாலு கம்பெனிங்கதான்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆரோனைட், ஆஃப்டன். நம்ம சென்னை மணலியிலயே சென்னை பெட்ரோலியமும் செவ்ரானும் கூட்டா ஆரம்பிச்ச சேர்மான ஆலை ஒண்ணு இருக்கு. ஆக, பட்டறையில அடிச்சுக்கிற நாலு கட்சிக்கும் மளிகைச் சாமான் சப்ளை பண்றது ஒரே கடைவீதி.

அப்ப எதைப் பார்த்து வாங்குறது? டப்பாவுல ரெண்டு வரி.

முதல் வரி, 15டபிள்யூ-40 மாதிரி ஒரு எண். பின்னாடி இருக்கிற 40, நூறு டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கிறதைக் காட்டும். முன்னாடி இருக்கிற 15 குளிருக்கானது. அந்த 'டபிள்யூ' குளிர்காலத்துக்கான ஆங்கில எழுத்து. 15-ன்னா ஸ்டார்ட் பண்றப்போ ஆயில் ரொம்ப இறுகிடாம இருக்கான்னு மைனஸ் 20 டிகிரியில சோதிப்பாங்க. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுற காரைக்குடியில அந்தச் சோதனைக்கு வேலையே இல்ல. நமக்கு முக்கியம் பின்னாடி இருக்கிற 40.

ரெண்டாவது வரிதான் பெரும்பாலும் யாரும் படிக்காதது. ஏ.பி.ஐ.னு போட்டு சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 அப்படின்னு இருக்கும். 'சி'ன்னா டீசல் வண்டி. அடுத்த எழுத்து ஏற ஏற புதுத் தரம். சி.எச்.-4 1998-ல வந்தது, சி.ஐ.-4 2002-ல, சி.கே.-4 2016 கடைசியில. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.-6 லாரிகள்ல புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கு. சாம்பல் அதிகம் விடுற பழைய தர ஆயிலை ஊத்தினா அந்த வடிகட்டி அடைச்சுக்கும். அதனால அந்த வண்டிகளுக்குக் கையேட்டுல சொன்ன தரத்தை மீறக் கூடாது. நம்ம வண்டி 2012 மாடல், பி.எஸ்.-3. அதுக்கு சி.ஐ.-4 தாராளம்.

இந்த ரெண்டு வரியும் ஒண்ணா இருந்தா, நல்ல கம்பெனி எதுவானாலும் சரிதான். பெரியவங்க சொல்வாங்களே, 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு'ன்னு. நல்ல எண்ணெய்க்குக் காசு கொடுத்துட்டா மருந்துக்குக் கொடுக்க வேண்டாம். லாரிக்கும் அதே கணக்குதான். வாணியன் கடையில மிச்சம் பிடிச்சா மேஸ்திரிக்குக் கொடுக்கணும்.

நான் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

2013. அப்பா அப்பதான் வண்டிக் கணக்கை என்கிட்ட விட்டிருந்தார். நான் ரொம்ப சாமர்த்தியசாலின்னு காட்டணும்னு ஒரு வேகம். வெளியூர்ல ஒரு கடையில, பெரிய கம்பெனி பேர் போட்ட 20 லிட்டர் பக்கெட், மத்த இடத்தை விட 800 ரூபாய் கம்மி. பில் இல்ல. அள்ளிட்டு வந்தேன்.

அப்ப எங்ககிட்ட இருந்த டிரைவர் அண்ணன் பதினோரு வருஷமா அப்பாகிட்ட ஓட்டினவர். நான் ஸ்கூலுக்குப் போனதுல இருந்து தெரிஞ்சவர். பக்கெட்டைத் திறக்கும்போது மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, வளையம் முன்னாடியே விட்டுப்போன மாதிரி இருக்கே?"

"பழைய ஸ்டாக்குண்ணே. ஊத்துங்க."

ஊத்தினார். 15 லிட்டர் போச்சு, மிச்சத்தை ஷெட்டுல வச்சோம்.

அடுத்த ரெண்டு மாசம் எனக்கு ஒரே பெருமை. கேஜைத் துடைச்சுப் பார்த்தா ஆயில் முன்னை மாதிரி சீக்கிரம் கறுக்கவே இல்ல. 'பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமான ஆயில்'னு அப்பாகிட்டயே காட்டினேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு. டீசல் வண்டியில ஆயில் கறுக்கணும். கறுக்குதுன்னா கரியைத் தன்கிட்ட இழுத்து வச்சுக்குதுன்னு அர்த்தம். கறுக்காத ஆயில் கரியை என்ஜினுக்குள்ளயே படிய விட்டுட்டு, தான் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு திரியுது.

ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். புதுவயல் மில்லுல இருந்து திருச்சிக்கு அரிசி லோடு. ராத்திரி ரெண்டு மணிக்கு போன். திருமயம் தாண்டி நமனசமுத்திரம் பக்கத்துல வண்டி நிக்குது. ஆயில் பிரஷர் முள்ளு விழுந்துச்சு, ஓரங்கட்டறதுக்குள்ள கடகடன்னு சத்தம், நின்னுருச்சு. கனெக்டிங் ராடு பேரிங் கிராங்கோட பிடிச்சுக்கிச்சு. லோடை வேற வண்டிக்கு மாத்தி, இதைக் கட்டி இழுத்துட்டு வந்து பிரிச்சா, சம்ப் அடியில கறுப்புச் சேறு. கிராங்க் அரைச்சு, பேரிங், லைனர், பிஸ்டன் எல்லாம் புதுசு. 1,40,000 ரூபாய். 23 நாள் வண்டி படுத்திருந்தது. டியூ கட்ட அம்மாவோட சங்கிலி அடகுக்குப் போச்சு.

அப்பா டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு வச்சுக் கேட்டார். "ஆயில் பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேண்ணே. அளவு சரியா இருந்துச்சு."

"அப்புறம் எப்படி பிடிக்கும்? தூங்கிட்டு ஓட்டினியா? முள்ளைப் பார்க்கலியா?"

அவர் என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தரையில கிடந்த நட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கே கணக்கு முடிச்சு அவரை அனுப்பிட்டார் அப்பா.

ரெண்டு மாசம் கழிச்சு ஷெட்டை ஒழிக்கும்போது அந்த மிச்ச பக்கெட்டு கைக்கு வந்துச்சு. பக்கத்துல அதே பேர் போட்ட நல்ல பக்கெட்டு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். என்னோடதுல பேட்ச் நம்பர் இல்ல, தயாரிச்ச மாசம் இல்ல, எழுத்து லேசா கலங்கியிருக்கு. பழைய கழிவு ஆயிலை வடிகட்டி, பழைய டப்பாவுல அடைச்ச சரக்கு. சிக்ரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆன தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட, யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். துருவும் அரிப்பும் அவங்க ஆராய்ச்சி பண்ற விஷயம்தானே. "டீசல்ல இருக்கிற கந்தகம் எரிஞ்சு அமிலமாகும். நல்ல ஆயில்ல அதை முறிக்க காரச் சத்து வச்சிருப்பாங்க. கழிவு ஆயில்ல அது ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அமிலம் நேரா பேரிங்கைத் தின்னும்"னார். பி.எஸ்.-3 காலத்து டீசல்ல பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரைக்கும் கந்தகம் இருக்கலாம். இப்ப 10 பங்குதான்.

எல்லாம் விளங்கிச்சு. அப்பாகிட்ட மட்டும் சொல்லல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளி, 2019-ல அப்பாவே போயிட்டார்.

கணக்கைப் பாருங்க. நம்ம வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கும். ஆயில் மாத்துறதுக்கு இடையில 18,000 கிலோமீட்டர் ஓடினா 3,600 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய்னு வச்சா 3,31,200 ரூபாய். அவ்வளவு டீசலை எரிக்கிற என்ஜினுக்கு, ஆயில்ல 800 ரூபாய் மிச்சம் பிடிச்ச அறிவாளி நான்.

சனிக்கிழமைக்கு வருவோம். நாலு கட்சியும் கத்திக்கிட்டு இருக்க, "நல்லா வடியட்டும், வந்துடறேன்"னு பைக்கை எடுத்துக்கிட்டு கல்லலுக்குப் போனேன். டிரைவர் அண்ணன் வீடு அங்கதான். இப்ப ஓட்டறதில்ல, முழங்கால் வலி. திண்ணையில உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி" என்றார், நேத்துப் பார்த்த மாதிரி.

சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். "அண்ணே, அன்னைக்கு ஊத்தின ஆயில் டூப்ளிகேட்டு. நான்தான் வாங்கினேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

"எனக்கு ஊத்தும்போதே சந்தேகம்தான்."

"ஏண்ணே அப்பாகிட்ட சொல்லல?"

"மகன் வாங்கினது. டிரைவர் சொல்றது. யாரை நம்புவாக?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஆறு மாசம் எவனும் வண்டி தரல தம்பி. என்ஜினைப் பிடிக்க விட்டவன்னு பேரு."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சுடுங்கன்னேன். அவர் "சரி"ன்னும் சொல்லல, "இல்ல"ன்னும் சொல்லல. உள்ளே பார்த்து காபி போடச் சொன்னார். குடிச்சேன். கிளம்பறப்போ கேட்டார், "இப்ப எந்த ஆயில் ஊத்துறீக?"

"அதுக்குத்தாண்ணே பட்டறையில சண்டை ஓடுது."

"எதையாச்சும் ஊத்துங்க. மூடியை மட்டும் நீங்களே திறங்க."

திரும்பி வர்ற வழியில இருந்த இந்தியன் ஆயில் பங்க்குல வண்டியை நிறுத்தி, சர்வோ 20 லிட்டர் பக்கெட்டு வாங்கினேன். 15டபிள்யூ-40, சி.ஐ.-4 பிளஸ். பேட்ச் நம்பர் பார்த்து, பில் போட்டு. டிரைவர் கட்சிக்கு வெற்றின்னு நினைச்சுக்காதீங்க. அங்க கேஸ்ட்ரால் டீலர் கடை இருந்திருந்தா அதை வாங்கியிருப்பேன். ஃபில்டரையும் சேர்த்து மாத்தினோம். பழைய ஃபில்டர்லயே அழுக்கை விட்டுட்டுப் புது ஆயில் ஊத்தறது, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு அழுக்குச் சட்டையை மாட்டற மாதிரி. தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டுல எழுதினேன். மேஸ்திரிக்கு முகம் கொஞ்சம் சுருங்கிச்சு. சில கம்பெனி மூடிக்குள்ள மெக்கானிக்குக்குக் கூப்பன் வைக்கிறது உங்களுக்கே தெரியும். கூலியில நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன், சிரிச்சுட்டார்.

ஷெட்டுல போன தடவை காலியான பக்கெட்டு ஒண்ணு இருந்துச்சு. முன்னாடியெல்லாம் காலி டப்பாவைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுவேன். மூடியோட நல்லா இருந்தா கூட ரெண்டு காசு தருவாங்க. ஏன் தர்றாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல. இந்தத் தடவை ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்து, அடியில நாலு ஓட்டை போட்டேன்.

"நல்ல டப்பாண்ணே, தண்ணி பிடிக்க ஆகுமே"ன்னார் டிரைவர்.

"அதான்"னேன்.

உங்க வண்டிக்கு எந்த ஆயில்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. சண்டைக்கு நான் தயார். ஆனா அதுக்கு முன்னாடி, மூடியை யார் திறக்கிறாங்கன்னும் சொல்லணும்.