கடைசியில் திறக்கும் பம்ப்

நாமக்கல் வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓட்டுநர் சம்பளம், டயர், சுங்கம், வங்கித் தவணை ஆகியவற்றையெல்லாம் விட டீசல் என்ற ஒரே தலைப்பு அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். சமையல் வாயு டாங்கர்களும், முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளும், வடநாடு வரை போய்த் திரும்பும் பாரவண்டிகளும் இந்த ஊரை நம்பி ஓடுகின்றன. இந்த ஊரும் அவற்றை நம்பியே வாழ்கிறது. லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்தாலும் மாதக் கடைசியில் அது பல ஆயிரம் ரூபாய் நஷ்டமாக வந்து நிற்கும் தொழில் இது. ஆகவே, ‘வண்டி டீசல் குடிக்கிறது’ என்ற புகாருக்குப் பரிகாரம் காண்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட டீசல் பம்ப் பட்டறைகள், பாடி கட்டும் பட்டறைகளுக்கும் டயர்க் கடைகளுக்கும் நடுவே சாலையோரத்தில் ஏராளமாகத் தோன்றியிருப்பதில் ஆச்சரியமில்லை.

கார் இங்கே சின்ன விருந்தாளி. எனினும் பழைய டீசல் கார் ஒன்று வந்துவிட்டால், மின்னணுக் கருவி எதன் உதவியும் இன்றி, கண்ணாலும் காதாலும் கையாலும் தோஷத்தைக் கண்டுபிடிக்கும் பழைய வித்தை முழுவதும் அதன்மேல் பிரயோகமாவதைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் நண்பரொருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீசல் யந்திரம் பூட்டிய அம்பாசடர் ஒன்றைப் பிரியத்தோடு காப்பாற்றி வருபவர். ஒரு காலத்தில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த அந்த வண்டி இப்போது பத்தைத் தாண்ட மறுக்கிறதென்றும், ‘பம்ப் போய்விட்டது, கழற்றிவிட வேண்டியதுதான்’ என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களென்றும் அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபடியால், அவருடன் நானும் புறப்பட்டேன்.

பட்டறை இரு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. முன்பகுதி, எண்ணெய்க் கறை படிந்த மண் தரையும், திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் துணிக் குவியலும், பையன்களின் கூச்சலும் நிறைந்த வழக்கமான மெக்கானிக் பட்டறை. பின்பகுதியோ கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பனியன் வேஸ்ட் அந்த வாசலைத் தாண்டவே கூடாது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலுக்குள் ஒரு நூலிழை போனால் போதும், செய்த வேலையெல்லாம் வீண் என்பதால், உள்ளே பாகங்களைச் சுத்தமான டீசலில் அலசி, துடைக்காமல் அப்படியே பூட்டுகிறார்கள். பம்பினுள் ஓடும் பிளஞ்சருக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் நடுவேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் இரண்டு மூன்று கூறு அளவே இருக்கும்; ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்ட அவ்விரண்டில் ஒன்றை எடுத்து வேறொன்றோடு சேர்க்க முடியாது. இத்தகைய சூட்சுமமான பம்புகளை ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1927ஆம் வருஷம் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் யந்திரம் சாலை வாகனங்களில் பரவலாகத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் அதே கம்பெனியின் தொடர்போடு ஆரம்பமான மைக்கோவின் பெயரோ, அந்தக் கம்பெனி பெயர் மாறிய பின்னும், இத்தொழிலில் முதிர்ந்தவர்கள் நாவில் பம்புக்கே பெயராக நின்றுவிட்டது.

பட்டறையின் மேஸ்திரி ஐம்பது வயதைக் கடந்தவர். மிகக் குறைவாகப் பேசுபவர். பம்ப் போய்விட்டது என்று நண்பர் தொடங்கியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி பம்பைப் பற்றியதே அன்று.

“பத்துத்தான் கொடுக்குதுன்னு எப்படிங்க சார் பார்த்தீங்க?”

முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து மனக்கணக்காகச் சொன்னதாக நண்பர் ஒப்புக்கொண்டார். “அது கணக்கில்லீங்க” என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி வண்டியைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்பி, நுரை அடங்கும் வரை காத்திருந்து, டாங்கின் வாய்வரை நிரப்பச் செய்தார். பிறகு பெருஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டச் சொன்னார். கல் கணக்கில் 10 கிலோமீட்டர் ஓடியபோது மீட்டர் 9.6தான் காட்டியது. முன்னிருந்ததை விடச் சற்றே பெரிய டயர்களை நண்பர் மாட்டியிருந்தார். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதை மீட்டர் அறியாது. ஓடிய தூரத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுள்ள நஷ்டம் வண்டியிலேயே இல்லை, காகிதத்தில்தான் இருந்தது என்பது இவ்வாறு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமலே நிரூபணமாயிற்று.

வண்டி திரும்பி வந்து நின்றதும் மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்து டிரம்மின் அருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். மூன்று சக்கரங்கள் ஒரே சூட்டில் இருந்தன. இடது பின்சக்கரத்தில் மட்டும் கையை வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுழற்றியபோது, வலது சக்கரம் தாராளமாகச் சுற்றி ஓய்ந்தது. இடதோ அரைச் சுற்றில் நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, விடுவித்த பின்னும் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. எரிந்த டீசலின் சக்தியில் ஒரு பகுதி சாலையில் செலவாகாமல் டிரம்மைச் சூடாக்குவதிலேயே தினந்தோறும் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. பம்பைக் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவு செய்திருந்தாலும் அந்த நஷ்டம் அப்படியே நீடித்திருக்கும்.

பிறகே பானெட் திறந்தது. முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு ஏறியிருக்கிறதா என்பதே அவருடைய விசாரம். எஞ்சின் ஓட்டத்தாலேயே இயங்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால், டீசல் சத்தமில்லாமல் ஆயில் சம்புக்குள் இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஆனால் டாங்க் காலியாகும், ஆயில் நீர்த்துப் பேரிங்குகள் கெடும். ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கூடுவதை யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் அபிப்பிராயம். இங்கே அளவு சரியாக இருந்தது. மோந்து பார்த்ததில் டீசல் வாசனையும் இல்லை. ஏர் ஃபில்டரையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, குறையில்லை என்று திரும்ப மாட்டினார்.

அடுத்ததாக, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பையன் ஒருவன் பற்றிக்கொண்டு நிற்க, அதற்குள் நன்கு ஆறிவிட்ட எஞ்சினை ஓட்டினார்கள். தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருந்தால், எஞ்சின் சுமார் 80 டிகிரி சூட்டை எட்டும் வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். இதுவோ ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி அத்துடன் நின்றுவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று முன்பு யாரோ அந்த வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் கொதிக்காமல் இருக்கச் செய்யும் உபகாரமாக இதைப் பலரும் கருதுகிறார்கள். ஆனால் டீசல் யந்திரத்திற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்குவதால் பிறக்கும் உஷ்ணத்திலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சுவர்கள் குளிர்ந்திருந்தால் அந்த உஷ்ணம் தண்ணீருக்குப் போய்விடுகிறது, ஆயிலும் தடித்து உராய்வை அதிகமாக்குகிறது; எஞ்சின் ஆயுள் முழுவதும் விடியற்கால நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் புகையையும் சத்தத்தையும் பரீட்சித்தார். கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலின் அடையாளம். வெண்புகை, எரியாமலே வெளியேறும் டீசலின் அடையாளம். நீலம், ஆயில் எரிவதன் அடையாளம். நண்பருடைய வண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது சிறிது கறுப்பும், சும்மா நின்றபோது சிறிது வெண்மையும் காட்டியது. உடனே 17ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தினார். எஞ்சின் தடுமாறியது, அந்த சிலிண்டர் வேலை செய்கிறதென்று அர்த்தம். இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதைத் தளர்த்தியபோது சத்தம் அதிகம் மாறவில்லை. நான்காவதில் மீண்டும் தடுமாற்றம். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் மூன்றாவது குழாயின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

நாசில்கள் நான்கும் கண்ணாடித் தடுப்புக்குள் போயின. அங்கே அவற்றைப் பரிசோதிப்பவர் இருபது வயதைத் தாண்டாத இளைஞர், ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து, முதலில் கழுவும் வேலையும், பிறகு கழற்றும் வேலையுமாகப் படிப்படியாக இந்த ஸ்தானத்தை அடைந்தவர். மூன்றாவது நாசிலைக் கைநெம்புகோல் உள்ள சோதனைக் கருவியில் மாட்டினார். முகத்தை அருகே கொண்டுபோக முயன்ற என்னை, “கிட்ட வராதீங்க சார், பீச்சுறது தோலுக்குள்ள ஏறிடும்” என்று எச்சரித்துத் தள்ளி நிற்கச் செய்தார். இந்த மாதிரி எஞ்சினில் நாசில் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் என்பதால், அது வெறும் பயமுறுத்தல் அன்று. நல்ல நாசில் கீச்சுக் குரல் எழுப்பி, பனிப்படலம் போல் தூவி, சடக்கென்று மூடிக்கொள்ளும். திறக்கும் அழுத்தத்துக்கு 20 கிலோ கீழே நிறுத்தி 10 விநாடி பார்த்தால் நுனியில் ஒரு துளியும் திரளக் கூடாது. முதல் நாசில் அப்படியே பாடியது. மூன்றாவதோ ஊமையாய் நீளமாகப் பீச்சி, மூடிய பிறகும் ஒரு சொட்டைத் தொங்கவிட்டது. அந்தச் சொட்டு காற்றோடு கலக்க நேரமின்றிக் கரியாகவும் புகையாகவும் போகிறது. கொடுத்த டீசல் அதே அளவுதான், கிடைத்த வேலைதான் குறைவு.

நாசிலைப் பிரித்து ஊசியை டீசலில் நனைத்து, உறையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடித்தார் அந்த இளைஞர். நல்ல ஊசி தன் எடையினாலேயே நழுவி உள்ளே இறங்கும். அது பாதியில் தயங்கி நின்றது. நான்காவதும் சற்றுத் தயங்கியது. இரண்டுக்கும் புது நாசில் போட்டு, மற்ற இரண்டையும் பித்தளைத் தூரிகையாலும் கூர்மையாகச் சீவிய மரக்குச்சியாலும் சுத்தம் செய்து, மெல்லிய ஷிம்களைச் சேர்த்தும் நீக்கியும் நான்கையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தார். திரும்பப் பூட்டும்போது பழைய செம்பு வாஷர்களை எறிந்துவிட்டுப் புதியவற்றையே போட்டார்கள்.

பம்ப் என்னவாயிற்று? கழற்றவே இல்லை. டைமிங் குறி நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் விளக்கடித்துப் பார்த்தார் மேஸ்திரி, அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது, சீலும் உடையவில்லை. கேபிளும் தெர்மோஸ்டாட்டும் பக்கத்துக் கடையில் மாற்றப்பட்டன. சில வாரங்களுக்குப் பின், முறைப்படி டாங்க் நிரப்பி அளந்து, மீட்டரின் குறையையும் சேர்த்துக் கணக்கிட்ட நண்பர், வண்டி இப்போது 13 கொடுக்கிறதென்று தெரிவித்தார். பதினான்கு வராதென்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். தேய்ந்த சிலிண்டரின் கம்ப்ரஷனை நாசில் ஈடுசெய்யாது என்பது அவர் வாதம்.

பம்பைக் கழற்றிப் புதுப் பிளஞ்சர் ஜோடி போட்டு, பெஞ்சில் ஏற்றி, கண்ணாடிக் குழாய்களில் டீசல் அளவு பார்த்துத் திரும்பப் பூட்டினால் கிடைக்கும் கூலி, நாசில் வேலையில் கிடைப்பதைப் போல் பல மடங்கு. அந்த வேலைக்குத்தான் அவர் பட்டறையே வைத்திருக்கிறார். வண்டிக்காரரும் அதற்கு இசைந்தே வந்திருந்தார். அப்படியிருக்க ஏன் பம்பைக் கடைசிக்கு ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். இதை அவர் தம் நேர்மைக்குச் சான்றாகக் கூறிக்கொள்ளவில்லை. “லாரிக்காரங்க ஒவ்வொரு டிரிப்புக்கும் எழுதி வெச்சுப் பார்க்கிறாங்க. சும்மா பம்பைப் பிரிச்சு வாங்கினா அடுத்த டிரிப்பிலேயே தெரிஞ்சு போயிரும், அப்புறம் இந்த ரோட்டிலே நான் கடை வெக்க முடியாதுங்க” என்றார்.

அந்த விடையில் இத்தொழிலின் தர்மம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. அளந்து பார்க்கும் வாடிக்கைக்காரர்கள் பல்லாண்டுகள் வந்து வந்து, இந்தச் சாலையோரத்துத் தொழிலாளிகளுக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்திருக்கிறார்கள்: முதலில் கணக்கைச் சந்தேகி, பிறகு சக்கரத்தை, பிறகு சூட்டை, பிறகு நாசிலை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பம்பை. இப்போது வரும் காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,600 கிலோவையும் தாண்டுகிறது; ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. ஆகையால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிறார்கள், இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் திரும்பு குழாயிலும் ஒரு சீசாவைத் தொங்கவிட்டு எது அதிகம் கசிகிறதென்று ஒப்பிடுகிறார்கள். உபகரணம் மாறியிருக்கிறது, விசாரணையின் வரிசை மாறவில்லை. கார்க்காரர்களோ பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. அதனாலேயே தேவையற்ற பம்ப் வேலைக்குப் பணம் கொடுப்பவர்களும் அவர்களே. மைலேஜ் குறைந்ததென்று வருந்துகிறவர்கள் பட்டறையைத் தேடிப் புறப்படுமுன், டாங்கை நிரப்பித் தேதியையும் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போவார்களானால், நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சமாகும். மற்றவனுக்கோ ஏமாற்ற இடமே இராது.