மழைக்கோட்டு வாசம்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் என்ன தொங்கியது? அப்பாவின் தொப்பி என்பீர்கள், தலைவிளக்கு என்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த பெரிய ஆணியில், பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றும் தொங்கியிருக்கும். அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்தில் கால் வைத்து வழுக்கி விழாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை!

எங்கள் வீட்டில் இரண்டு கோட்டுகள் இருந்தன. அம்மாவுடையது மஞ்சள், அப்பாவுடையது கருநீலம். சம்பள நாளன்று தோட்ட ஆபீசுக்கு எதிரே பாய் விரித்துக் கடை போடுவார்களே, அங்கே வாங்கியவை. புதிதாக இருக்கும்போது புதுப் பள்ளிக்கூடப் பையின் வாசம் வரும். ஒரு மாதம் போகட்டும், அந்த வாசம் ஓடிவிடும். அம்மாவின் கோட்டில் புளித்த பால் வாசமும் கொசுவத்திப் புகையும் ஏறிவிடும். கைப்பக்கம் ரப்பர் பால் தெறித்துக் காய்ந்து கறுப்புக் கறுப்பாய் ஒட்டியிருக்கும். அப்பாவின் கோட்டில் சுருட்டும் சைக்கிள் எண்ணெயும். மின்சாரம் போன இரவுகளில் எது யாருடையது என்று முகர்ந்தே சொல்லிவிடுவோம்.

அளவு என்று பார்த்தால் ஒரே அளவுதான். நெட்டையான ஓர் ஆளுக்குத் தைத்ததை எல்லோரும் போட்டுக்கொண்டோம். அம்மாவுக்குக் கைகள் இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும், கீழ் ஓரம் கணுக்காலில் புரளும். கைலிக்கு மேலே முழுக்கைச் சட்டை, சட்டைக்கு மேலே அந்தக் கோட்டு, தலையில் துண்டு, துண்டுக்கு மேலே கோட்டின் தொப்பி. விடியாத இருட்டில் லயத்துப் பெண்கள் இப்படி வரிசையாக நடந்து போகும்போது பிளாஸ்டிக் உரசும் 'சரக் சரக்' சத்தம் முதலில் கேட்கும். பேச்சுக் குரல் பிறகுதான் வரும்.

குடை இல்லையா என்பீர்கள். இருந்தது. அது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பட்டணத்துக்கும் போகும்போது எடுப்பது. பால் மரம் வெட்டுகிறவருக்குக் கத்தி பிடிக்க ஒரு கை வேண்டும், மரத்தைத் தொட்டு நிதானிக்க மறு கை வேண்டும். பால் எடுத்துவிட்டால் தோளில் காண்டாக் கம்பும் இரண்டு பக்கமும் வாளியும். குடைக்கு மூன்றாவது கை எங்கே போவது?

போன வருடம் என் வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். "டீச்சர், மழை பேஞ்சா பால் வெட்ட முடியாதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு மழைக்கோட்டு? வீட்டிலேயே இருக்கலாமே?" நல்ல கேள்வி. பெரியவர்களே பலர் யோசிக்காத கேள்வி.

மழையில் ஏன் வெட்டக் கூடாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மரப்பட்டை ஈரமாக இருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியாக வந்து மங்கில் விழாது. பட்டை முழுவதும் பரவி வீணாகும். மங்கில் மழை நீர் விழுந்தால் பால் கெடும். ஈரப் பட்டையில் கத்தி பட்டால் பூஞ்சை நோய் பிடித்து, வெட்டுப் பகுதி கறுப்புக் கோடு கோடாக அழுகும். ஆகவே மண்டோர் மரத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் 'வெட்டு' என்பார். காயும் வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால்தான் விடியற்காலையில் வெட்டுவது.

ஆனால் பெரட்டுக்குப் போயே ஆக வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் தோட்டத்துக்கென்றே ஒரு விதி இருந்தது. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாளுக்குரிய சம்பளத்தையாவது கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. ஆனால் தொழிலாளி வேலை செய்ய மனமும் உடல்நலமும் உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு மனம் இருக்கிறது என்று யார் நம்புவார்? கொட்டுகிற மழையிலும் பெரட்டுக்களத்தில் போய் நின்று முகம் காட்டினால்தான் செக்ரோலில் பெயர் விழும். புல் வெட்டப் போ, கால்வாய் தோண்டப் போ என்று வேறு வேலை கிடைத்தாலும் கிடைக்கும். சட்டத்தில் எழுதியபடி எத்தனை தோட்டங்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆக, அந்தக் கோட்டு உடம்பை மட்டும் காக்க வாங்கியதல்ல. அன்றைய சம்பளத்தைக் காக்க வாங்கியது. இதை நான் அம்மாவிடம் ஒரு நாள் நேரிலேயே பார்த்தேன்.

1988 வாக்கில் இருக்கும். பள்ளி விடுமுறை. அம்மாவோடு வெட்டுக்காட்டுக்குப் போயிருந்தேன். கட்டிப்பால் பொறுக்குவது என் வேலை. வெட்டு முடிந்து, மங்குகளில் பால் நிறைந்து, எடுக்கப் போகும் நேரம். திடீரென்று மலைப்பக்கம் கறுத்தது. நிரைக்கு நிரை ஒரே ஓட்டம். ஒவ்வொரு மங்கையும் வாளியில் கவிழ்த்து, வழித்துவிட்டு, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். பாதி நிரை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அம்மா கோட்டைக் கழற்றினார். எனக்குப் போர்த்தப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை! இரண்டு வாளிகளையும் நெருக்கி வைத்து, அவற்றின் வாய் மேல் கோட்டை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்தார்.

"அம்மா, நீ நனையிறியே!" என்றேன்.

"நான் நனைஞ்சா காஞ்சிடுவேன் புள்ள. பாலு நனைஞ்சா காசு போச்சி. நீ மரத்து அண்டையில ஒதுங்கி நில்லு."

அதற்குக் காரணம் உண்டு. ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை அதில் மிதக்க விடுவார்கள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்பதை அது காட்டிவிடும். மழை கலந்ததா, ஆள் கலந்ததா என்பது மட்டும் அந்தக் கருவிக்குத் தெரியாது. எடை குறைவது ஒருபுறம், 'தண்ணி ஊத்தினியா?' என்ற கேள்வி மறுபுறம். அம்மாவுக்கு இரண்டாவதுதான் பெரிய வேதனை. அன்று வீடு வந்து சேர்ந்தபோது கோட்டின் உட்புறமெல்லாம் பால். மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு நாள் துடைத்தார்.

இன்னொரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்கு வந்த, பேர்பெற்ற நீர் புகாத மழைக்கோட்டு எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால்! ஸ்காட்லாந்து நாட்டுச் சார்ல்ஸ் மாக்கிண்டோஷ் என்பவர், ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் உரிமை வாங்கினார். ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும் என்ற குறை இருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையை 1839இல் அமெரிக்காவின் குட்இயர் கண்டுபிடித்த பிறகு அதுவும் தீர்ந்தது. 1877இல் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அதன் பின் தோட்டங்கள் வந்தன, நம் முன்னோர் வந்தார்கள்.

ஆனால் பாலெடுத்தவர்கள் போட்டது ரப்பர் கோட்டு அல்லவே. என் பாட்டி போட்டது கோணிச் சாக்கு. சாக்கின் அடி மூலை ஒன்றை மற்றொன்றுக்குள் குத்திக் கொங்காணியாக்கித் தலையில் மாட்டிக்கொள்வார். நனைந்தால் அது ஓர் ஆள் கனம் கனக்குமாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் கம்பளியைப் போர்த்தினார்கள். நம் பக்கம் பிறகு உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை வந்தது. தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என்று ஓட்டை போட்டால் பள்ளிப் பிள்ளைக்கு மழைச்சட்டை தயார். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம். கடைசியாக வந்தது மஞ்சள் பிளாஸ்டிக். அதை மெதுவாக்கும் வழியை 1926இல் கண்டுபிடித்த வால்டோ செமன், அமெரிக்காவில் ஒரு டயர் கம்பெனியில் வேலை பார்த்தவர். ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடியபோது கிடைத்ததாம்! உலகத்துக்கு ரப்பர் கொடுத்த அம்மாவுக்கு ரப்பர் கம்பெனியிலிருந்து பிளாஸ்டிக் வந்து சேர்ந்தது.

வீட்டில் பழைய கோட்டு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் காய வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெயிலிலும் நாள்பட்டும் வெளியேறிவிடும், பிறகு மடித்த இடத்தில் வெடிக்கும். நிழலில் உலர்த்தி, முகப்பவுடரை லேசாகத் தூவி, ஆணியில் மாட்டுங்கள். மடித்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். சைக்கிள் டியூப் பசை அதில் நிற்காது. எங்கள் அப்பா கிழிந்த இரண்டு ஓரங்களையும் சேர்த்து, மேலே செய்தித்தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி அழுத்துவார். இரண்டு நொடி ஆனால் ஓட்டை பெரிதாகிவிடும், ஜாக்கிரதை!

எங்கள் தோட்டம் ரப்பர் அழிந்து செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகிவிட்டது. நாங்கள் ஈப்போ சிலிபினுக்குக் குடிவந்தோம். நான் படிப்பிக்கும் பள்ளியின் பெயரில்தான் தோட்டம் இருக்கிறது, பிள்ளைகள் தாமான்களிலிருந்து வருகிறார்கள். பழைய தோட்டத்துக்காரர்கள் கூடினால் 'அது பொற்காலம்' என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. லயத்து உறவை நினைத்தால் ஏக்கம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வானத்தைப் பார்த்து அரிசி வாங்கிய காலத்தை எப்படிப் பொற்காலம் என்பது? மாதச் சம்பளம் வேண்டும் என்று நம்மவர் எத்தனை ஆண்டுகள் கேட்டார்கள்! குறைந்தபட்சச் சம்பளம் என்று 900 வெள்ளி தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தது 2013இல்தான். 2025இல் அது 1,700 ஆனது. அதற்குள் பால் வெட்டியவர்களில் பலர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

மழைக்கோட்டு மட்டும் போகவில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலிபின் சாலையில் பிற்பகல் மழை பிடித்ததும் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் கடையோரம் ஒதுங்கும். இருக்கைக்கு அடியிலிருந்து கோட்டுகள் வெளியே வரும். முன்பக்கம் காற்று புகாதபடி சிலர் முதுகுப்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், இரவு வேலைக்குப் போகும் தொழிற்சாலைப் பெண்கள், பள்ளி முடிந்த பிள்ளையைத் தன் கோட்டுக்குள்ளேயே முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு போகும் தாய்மார். பின்னால் நாலு கால் தெரியும், தலை ஒன்றுதான் தெரியும். செம்பனைக் காடுகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியரும் அதே மஞ்சளில் நிற்கிறார்கள். என்னைக் கேள்வி கேட்ட மாணவியின் அப்பாவும் சாப்பாடு அனுப்பும் வேலைதான். மழை நாளில் ஆர்டர் அதிகமாம், அப்பா வீட்டில் இருக்க மாட்டாராம். அவளுக்கு நான் பெரட்டுக் கதையைச் சொன்னபோது வகுப்பிலேயே அவளுக்குத்தான் சட்டென்று புரிந்தது.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த மஞ்சள் கோட்டு லயத்திலிருந்து எங்களோடு லோரியில் வந்தது. நிறம் மங்கி, விறைத்து, மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது. வேறு வாங்கித் தருகிறேன், இதைத் தூக்கிப் போடலாம் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. கேட்டால்தானே! பின்கட்டில் தகரக் கூரை ஒழுகுகிற இடத்தில் சலவை இயந்திரம் இருக்கிறது. மழை இருட்டினால் போதும், அம்மா மெல்ல எழுந்துபோய் அதன் மேல் கோட்டை விரித்து, நாலு மூலையிலும் துணி கவ்விகளை மாட்டிவிட்டு வருகிறார். கொடியில் என் புடவை நனைந்துகொண்டிருந்தாலும் சரி, முதலில் அதுதான்.