ஒற்றை வயர்

1990, டோர்ட்முண்ட். நாங்கள் மூன்றாவது மாடி. நாலாவது மாடி அண்ணாவிடம் அமிகா 500 கொம்பியூட்டர் இருந்தது. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடிவிடுவேன். “விளையாடினது காணும், கீழ வா” என்று அம்மா படிக்கட்டில் நின்று கூப்பிடுவா. நான் விளையாடவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெடியங்கள் கைமாற்றிய 880 கிலோபைட் டிஸ்குகளில் அந்தப் பாட்டுகள் வரும். கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜேர்மன்காரர் 1987இல் வெளியிட்ட சவுண்ட்ராக்கர் என்ற பாட்டுக் கட்டும் மென்பொருளின் வழிவந்த மொட் கோப்புகள். திரையில் நான்கு நிரல்களாக எழுத்தும் இலக்கமும் மேலேறும். 64 வரி முடிந்தால் அடுத்த பக்கம். பாடுவது அமிகாவுக்குள் இருக்கும் பவுலா என்கிற சிப். அதற்கு நாலே குரல், நிரலுக்கு ஒரு சனல். ஒரே ஒலித்துண்டை வேகமாக வாசித்தால் மேல் சுரம், மெதுவாக வாசித்தால் கீழ்ச் சுரம். கீழே இறங்க இறங்கக் கரகரக்கும். சில பாட்டுகள் தொடங்கும்போது கொம்பியூட்டரின் பவர் லைட் மங்கும். உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பாட்டே நிறுத்திவிட்டது என்று அர்த்தமாம். சத்தம் உடனே கூராகும். கரண்ட் போகப்போகிறது என்றுதான் நான் முதலில் பயந்தேன். ஊர்ப் பழக்கம்.

பின்பக்கத்தில் ஓடியோவுக்கு இரண்டு துளை. ஒரு வயர் பழுது. மற்றதை மட்டும் ரிவியில் குத்தியிருந்தார் அண்ணா.

இருபது வருடம் கழித்து அந்தக் கோப்புகளில் ஒன்று கைக்கு வந்தது. மடிக்கணினியில் இருந்த பிளேயர் ஒலியின் முனைகளையெல்லாம் சீவி மழமழவென்று வாசித்தது. பிடிக்கவில்லை. பவுலாவின் வேலையை அச்சொட்டாகச் செய்து காட்டும் இன்னொன்றில் போட்டேன். கரகரப்பு வந்தது. அமிகா 500க்கே உரிய மந்தமும் வந்தது. ஆனால் மேலே ஒரு புல்லாங்குழல் ஓடியது. இது எங்கிருந்து வந்தது? அண்ணா வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

பவுலா முதலாம், நான்காம் சனல்களை இடப்பக்கமும் இரண்டாம், மூன்றாம் சனல்களை வலப்பக்கமும் அனுப்பும், இரண்டையும் கலக்காது. நாங்கள் பாதிப் பாட்டைத்தான் இவ்வளவு நாளும் முழுப்பாட்டென்று நினைத்திருக்கிறோம். இரண்டாம், மூன்றாம் சனல்களை மூடினேன். தாளமும் பேஸ் கிற்றாரும் மட்டும் மிஞ்சின. அதுதான் என் பாட்டு.

அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கனநேரம் சிரித்தார். “டேய், அந்த வயர் அஞ்சு மார்க்தானடா” என்றார்.