இரண்டாவது குதிரை

பந்தயத்தில் ஓடும் குதிரைகளை அவை வந்து சேரும் வரிசைப்படி தனித்தனிப் பெயரிட்டு அழைத்தவர்கள் அரபிகள். முதலாவதாக வருவது 'முஜல்லி'. இரண்டாவதாக வருவது 'முஸல்லி'. எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது 'ஸுகைத்'. குதிரையின் பின்புறத்திற்கு 'ஸலா' என்று பெயர். முன்னே செல்லும் குதிரையின் ஸலாவை ஒட்டித் தன் தலையை வைத்து ஓடி வருவதால் இரண்டாம் குதிரைக்கு முஸல்லி என்னும் பெயர் வாய்த்தது என்பர் அகராதியாசிரியர். தொழுகையாளியைக் குறிக்கும் சொல்லும் அதுவே ஆதலால், வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியதோ, கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில்தான்.

தாடி நரைத்த அரபி ஆசிரியனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். இரண்டு மதரஸாக்களில் பாடம் நடத்துவதற்காகப் பழைய புல்லட் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தவன் நான். அதற்கு ஓய்வளித்தபோது, வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன் ஹிமாலயன் 450 என்னும் வண்டியை வாங்கித் தந்தான். மலைப்பாதைக்கும் கரடுமுரடான தடங்களுக்கும் என்றே செய்யப்பட்டது. 452 சி.சி. எஞ்சின், 40 குதிரைத் திறன், 196 கிலோ எடை. முன் சக்கரம் மட்டும் 21 அங்குலம். ஒட்டகத்தைப் போல் உயர்ந்து நிற்கும் அதன்மீது முதல் நாள் ஏறி அமர்ந்தபோது என் கால்விரல்களின் நுனிதான் தரையைத் தொட்டது.

என் தங்கையின் மகனிடமும் அவனுடைய தோழர் இருவரிடமும் இருந்தவை பந்தய வகை வண்டிகள். அவை தாழ்ந்தவை, எடை குறைந்தவை. ஓட்டுகிறவன் பெட்ரோல் டாங்கின்மேல் கவிழ்ந்து படுத்துக் காற்றைக் கிழித்துச் செல்லும்படி அமைந்தவை. 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்ஹு தொழுகை முடிந்ததும் நால்வரும் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரிக் கரையோரம் நீளும் நேர்ச்சாலையில் அவர்கள் மூவரும் கண்ணுக்கு மறைந்தே போனார்கள். நாமக்கல் தேநீர்க் கடை ஒன்றில் அவர்கள் இரண்டாவது குவளையைக் காலி செய்துகொண்டிருந்தபோதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். "ஒட்டகம் வந்துருச்சு, மாமு!" என்றான் மருமகன். எல்லாரும் சிரித்தோம்.

சேந்தமங்கலம் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தவுடன் கதை மாறியது. கொல்லிமலைப் பாதைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பது சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி. ஏறுகிறவனும் ஏறப்படுவதும் ஒரே பெயர் பெறும் அளவிற்கு ஒன்றிப் போவது எங்ஙனம் என்பதை அன்று சற்றே உணர்ந்தேன்.

வளைவில் வேகத்தின் கணக்கு வேறு. வேகம் இரு மடங்கானால், வண்டியை வளைவுக்குள் பிடித்து வைக்கத் தேவையான விசை நான்கு மடங்காகிறது. நிறுத்தத்திற்கு வேண்டிய தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே நேர்ச்சாலையில் பறக்கவல்ல வண்டியும் கொண்டை ஊசி வளைவில் தன் ஆற்றலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அங்கே வேண்டுவன வேறு சில. என் வண்டியின் கைப்பிடி அகலமானது. வலப்புறம் சாய வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்தினால் போதும். அந்தக் கனத்த உடல் பணிந்து சாய்கிறது. தாழ்ந்த சுழற்சியிலேயே எஞ்சின் இழுக்கிறது. மழையில் அரித்த குழிகளை நீண்ட சஸ்பென்ஷன் விழுங்கிவிடுகிறது. யாவற்றிலும் மேலாக, நிமிர்ந்து உயர்ந்து அமர்ந்திருப்பவனுக்கு முன்னே செல்பவனின் தோளுக்கு மேலாக அடுத்த வளைவு தெரிகிறது. பந்தய வண்டிக்காரனின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்குகிறது. ஒவ்வொரு குழியும் அவன் முதுகெலும்பில் போய் ஒலிக்கிறது.

முப்பதாவது வளைவுக்குள் தோழர் இருவரும் எனக்குப் பின்னால் ஆகிவிட்டனர். மருமகன் மட்டும் முன்னே. அவன் பின் விளக்கை விட்டு நான் விலகவேயில்லை. சோளக்காடு சேர்ந்து, மிளகுக்கொடிகள் படர்ந்த மரத்தடியில் காப்பி அருந்தினோம். அவன் தன் கைப்பேசியில் ஒரு செய்தி காட்டினான். அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் என்றொரு மலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் 156 வளைவுகள். 2012-இல் கார்லின் டன் என்பவர் மல்டிஸ்ட்ராடா என்னும் உயரமான நெடும்பயண வண்டியில் அதை 9 நிமிடம் 52.819 விநாடியில் ஏறி முடித்தாராம். பத்து நிமிடத்திற்குள் மோட்டார் சைக்கிளில் அங்கே ஏறியவர் அவரே முதல்வர். "நீங்களும் அந்த ஜாதிதான் மாமு," என்றான். அந்தச் சொல் என் நெஞ்சில் சர்க்கரையாய்க் கரைந்தது. ஐம்பத்தாறு வயதில் அப்படியொரு புகழ்ச்சியைக் கேட்பவன் கொஞ்சம் மயங்கத்தான் செய்வான்.

இறங்கும்போது நான் மயங்கியிருந்தேன். அவனுக்கும் எனக்கும் இடையே இரண்டு வண்டி நீளம்கூட இல்லை. முந்த வேண்டும் என்று நான் எண்ணவில்லை. ஒட்டிச் செல்கிறேன் என்பதே போதுமான இன்பமாக இருந்தது. இடப்புறம் திரும்பும் வளைவு ஒன்றில், அவன் தோளுக்கு மேலாகச் சாலையில் சரிந்து கிடந்த சரளைக் கற்கள் என் கண்ணில் பட்டன. நான் வேகத்தைத் தணித்தேன். ஹாரன் அடிக்க விரல் போகுமுன் அவன் முன் சக்கரம் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு புறமும் அவன் ஒரு புறமுமாகச் சறுக்கி எதிர்ப்பாதைக்குள் போயினர். கீழிருந்து ஏறி வந்த பேருந்தின் ஓட்டுநர் அதைக் கண்டு நிறுத்திவிட்டார். பேருந்தின் சக்கரத்திற்கும் அவன் தலைக்கவசத்திற்கும் இடையே நான்கு முழம் இருந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ்.

காறை எலும்பு முறிந்திருந்தது. நாமக்கல் மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னான்: "கண்ணாடியில உங்க லைட்டு போகவே இல்ல மாமு. உங்ககிட்ட தோத்தா பயலுக கேலி பண்ணுவானுங்கன்னு நினைச்சேன்."

சரளையைக் காண வேண்டிய கண் கண்ணாடியில் என் விளக்கைக் கண்டுகொண்டிருந்தது.

தங்கையிடம் அவன் சரளையை மட்டுமே காரணமாகச் சொன்னான். நானும் வாய் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் வகுப்பில் மேற்சொன்ன பாடம் வந்தது. 'முஸல்லி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மேலே விளக்கம் சொல்ல நா எழவில்லை. அன்று மாலையே தங்கை வீட்டிற்குச் சென்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க முன்னால போயிருந்தா அவன் மெதுவா வந்திருப்பான்லண்ணே," என்றாள். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

பின்னர் ஒரு நாள் பைக்ஸ் பீக் வீரரைப் பற்றி மேலும் விசாரித்தேன். 2019 ஜூன் 30 அன்று, அதே மலையில், முடிவுக்கோட்டைத் தொடச் சில கெஜ தூரமே இருந்தபோது விழுந்து அவர் இறந்தார். அன்று அவர் ஓட்டியது வேறு வகை வண்டி. மறு ஆண்டிலிருந்து அப்பந்தயத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு இடமில்லை என்றாயிற்று. அந்த மலையை நன்கறிந்த, அதில் பலமுறை வென்ற மனிதர் அவர்.

உயரமான வண்டி மலையில் பந்தய வண்டிக்கு ஈடு கொடுக்கும் என்பது உண்மை; அதை என் கைகளே அறியும். அந்த உயரம் எனக்குக் கூடுதலாகத் தந்தது பார்வை. முன்னே செல்பவனுக்குத் தெரியாத சரளை எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வை அவனுக்குப் பயன்பட வேண்டுமானால் நான் முன்னே சென்றிருக்க வேண்டும். அல்லது என் விளக்கு அவன் கண்ணாடியில் விழாத தொலைவில் வந்திருக்க வேண்டும். இரண்டாவது குதிரையின் மூச்சு முதல் குதிரையின் விலாவில் படும் என்பதை அகராதி எழுதியவர்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எலும்பு கூடிய பின், தங்கையின் அனுமதி பெற்று, மருமகனும் நானும் மீண்டும் கொல்லிமலை ஏறினோம். ஏறும்போது அவன் முன்னே சென்றான்; ஒரு முழு வளைவு இடைவெளி விட்டு நான் சென்றேன். இறங்கும்போது நான் முன்னே வந்தேன். சரளை கிடந்த இடங்களில் இடக் கையை உயர்த்திக் காட்டினேன். அடிவாரத்தில் நின்று தலைக்கவசத்தைக் கழற்றியவன், "இன்னைக்குக் கண்ணாடியே பாக்கல மாமு," என்றான்.