கார்வெட்டுக்கு வாய்த்த வைத்தியர்

நமக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்படியிருக்கக் காரைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். பேரன் நம் மேஜைமேல் விட்டுப்போன வெள்ளைப் பொம்மைக் கார்தான் காரணம். அடியில் 'கார்வெட்' என்று பொறித்திருந்தது. அதன் கதையைத் தேடப் போய், இரண்டு இரவு நம் தூக்கம் போயிற்று.

1953 ஜனவரியில், நியூயார்க் வால்டார்ப் அஸ்டோரியா ஹோட்டலில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஷெவர்லே பெயரில் இக்காரைக் காட்சிக்கு வைத்தனர். ஐரோப்பிய விளையாட்டுக் கார்களைப் போல் அமெரிக்காவிலும் ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டு இதன் உருவத்தைச் சமைத்தவர் ஹார்லி ஏர்ல். உடல் எஃகு அன்று, கண்ணாடி இழை. அவ்வாண்டு செய்த 300 கார்களும் வெள்ளை, உட்புறம் சிவப்பு. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். திருடனுக்கு இதைவிட உபசாரம் யார் செய்வார்கள்!

மாப்பிள்ளை அழகன்தான், மூச்சுத்தான் வாங்கியது. ஆறு சிலிண்டர், 150 குதிரைச் சக்தி, இரண்டே கியர். 1954-இல் 3,640 கார்கள் செய்து, பல விலைபோகாமல் நின்றன. 1955-இல் 700 மட்டுமே. அதே ஆண்டு போர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு 16,000-க்கு மேல் விற்றது. கார்வெட்டை நிறுத்திவிடலாமென்ற யோசனையும் எழுந்தது. எதிரி செழிக்கும்போது கடையைக் கட்டுவது கௌரவக் குறைவல்லவா? அதுவே அதன் உயிரைக் காத்தது என்பது நம் அபிப்பிராயம்.

உயிரைக் காத்தால் போதுமா? பலம் வேண்டாமா? அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களில் ஸோரா ஆர்க்கஸ்-டண்டாவ் ஒருவர். பிரஸ்ஸல்ஸில் ருஷ்யக் குடும்பத்தில் பிறந்து, யுத்த காலத்தில் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த எஞ்சினீயர். அழகில் மயங்கிய அவருக்கு, உள்ளேயிருந்த யந்திரம் திருப்தி தரவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்; 1953 மே மாதம் வேலையும் கிடைத்தது. 1955-இல் எட்டு சிலிண்டர் யந்திரம் வந்தது. அது பிறர் ஆக்கியது. அதைக் கொண்டு காரைப் பந்தயத்துக்குத் தேற்றிய வைத்தியர் டண்டாவ்தான். 1957-இல் சக்தி 283 குதிரை வரை உயர்ந்தது.

அவருக்கு ஒரு பேராசை இருந்தது: யந்திரம் ஆசனத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். சோதனைக் கார்கள் செய்து காட்டினார். விற்பனைக்குச் செய்ய மேலிடம் இசையவில்லை. 1975-இல் ஓய்வு பெற்றார், 1996-இல் காலமானார். அத்தகைய கார்வெட் வெளிவந்தது 2019 ஜூலையில். அதைச் செய்யும் கென்டக்கி மாகாணத்துப் பௌலிங் கிரீன் நகரிலேயே, கார்வெட் காட்சிசாலையில், அவருடைய அஸ்தி இருக்கிறது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னோம். "யந்திரம் முன்னாலா பின்னாலா, தாத்தா?" என்று கேட்டு, பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.