சுகர் இருந்தால் எழுதிவிடுங்கள்

"சுகர் இருக்குன்னு போடாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் மாத்திரைப் பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் படிவத்தில் எழுதினேன். ரத்தப் பரிசோதனை கேட்டார்கள், பிரீமியத்தைக் கூட்டினார்கள், பாலிசி கிடைத்தது.

காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கு 3 ஆண்டு முடிந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் இறப்பு நேர்ந்தால் பழைய மருந்துச் சீட்டுகள் வரை தோண்டுவார்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுக்கலாம். துக்க வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அலைய வேண்டும். நினைத்தாலே மனசு பதறுகிறது.

காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் அந்த 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ஒரு நிறுவனம் பாலிசி தர மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். முன்பு மறுக்கப்பட்டதையும் படிவத்தில் சொல்லிவிடுங்கள்.