பாய்லர் காப்பாற்றிய கப்பல்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் சாக்வில் என்ற கப்பலைப் பார்த்தபோது, இதுவா போர்க்கப்பல் என்றுதான் நினைத்தேன். நீளம் 62 மீட்டர்தான். திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தை எடுத்து அவசர அவசரமாக மாற்றிக் கட்டிய கார்வெட் ரகம். வேகம் 16 நாட். நீர்மட்டத்துக்கு மேலே வந்து ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியே அதை முந்திவிடும்!

உள்ளே இறங்கினால் இடுப்பை வளைக்கத்தான் இடம். சாப்பாட்டு மேசைக்கு மேலேயே தூளி கட்டித் தூங்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் சமையலறை பின்பக்கம் தள்ளி இருந்ததாம். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த தளம் வழியாக அட்லாண்டிக் அலைக்கு நடுவே தூக்கி வரவேண்டும். கைக்கு வந்து சேரும்போது அது ஆறிப்போய், உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கும். பீரங்கியைவிட இந்தச் செய்திதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 டிசம்பரில் சாக்வில் கனடாவின் கடற்படையில் சேர்ந்தது. சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாக அட்லாண்டிக்கைத் திரும்பத் திரும்பக் கடப்பதுதான் வேலை. 1942 ஆகஸ்டில், மூடுபனிக்குள் நீர்மூழ்கிகளோடு மோதியது. யு-552 என்ற நீர்மூழ்கியின்மேல் குண்டு பாய்ந்தும் அது தப்பி ஊர் போய்ச் சேர்ந்தது. 1943 செப்டம்பரில் நடந்ததுதான் கொடுமை. உடன் வந்த செயின்ட் க்ரோய் என்ற காவல் கப்பல் மூழ்கியது. பிழைத்தவர்களை இட்சன் என்ற கப்பல் ஏற்றிக்கொண்டது. இரண்டு நாளில் அதுவும் டார்பிடோவுக்கு இரையானது. செயின்ட் க்ரோயில் கடைசியாக மிஞ்சியவர் ஒரே ஒருவர்.

சாக்வில் ஒரு நீர்மூழ்கியைக்கூட மூழ்கடித்ததாகக் கணக்கில் இல்லை. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவலுக்குப் போனவனிடம் சரக்கு வந்து சேர்ந்ததா என்றுதானே கேட்க வேண்டும்?

1944இல் ஒரு பாய்லர் பழுதானது. இனி அட்லாண்டிக்கைக் கடக்க லாயக்கில்லை என்றாயிற்று. பாய்லரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேபிள் சுருட்டி வைக்க ஓர் அறை அமைத்தார்கள். துறைமுக வாயிலில் நீர்மூழ்கி நுழைவதைக் காட்டிக்கொடுக்கும் கேபிள்களைப் பதிக்கும் வேலை கிடைத்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சிக் கப்பலானது. 1982 வரை ஓடியது. பிறகு போர்க்காலத் தோற்றத்துக்கே மாற்றி நினைவுக் கப்பலாக்கினார்கள்.

இதே ரகத்தில் 200க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. பாய்லர் பழுதாகாமல் ஒழுங்காக ஓடி, போரில் மூழ்காமல் தப்பியவை பெரும்பாலும் போர் முடிந்தபின் பழைய இரும்புக்கும் ஏலத்துக்கும் போய்விட்டன.